விலை குறைந்த வெல்டிங் இன்வெர்ட்டர்: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டறியும் முறை

விலை குறைந்த இறக்குமதி வெல்டிங் இன்வெர்ட்டர்களைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளில் பல, முகப்பில் அச்சிட்டிருக்கும் ஆம்பியருக்கும் உள்ளே இருக்கும் பாகங்கள் தாங்கும் ஆம்பியருக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து பிறப்பவை. மற்றவற்றில் கணிசமானவை திருகு, வயர், சாக்கெட் ஆகியவை ஒன்றோடொன்று சேரும் இடங்களில் இருக்கின்றன. மின்னணுப் பலகையே கெட்டுப்போவது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது. ஆகவே, முதலில் கணக்கு, அடுத்து வெளி இணைப்புகள், அதன் பிறகே மூடியைத் திறப்பது என்ற வரிசையை இங்கே பின்பற்றுகிறேன். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் ஓடும், ராடு வைத்து வெல்டிங் செய்யும் மெஷின்களை மனத்தில் வைத்தே எண்கள் தரப்பட்டுள்ளன.

மூடியைத் திறப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உள்ளே வரும் மின்சாரம் முதலில் ரெக்டிஃபையரில் நேர்மின்சாரமாக மாறி, பெரிய கப்பாசிட்டர்களில் சுமார் 325 வோல்ட்டாகத் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கக்கூடும்; உயிரைப் பறிக்கும் அளவுக்கு அதில் ஆற்றல் உண்டு. சில நிமிடங்கள் காத்திருந்து, மல்டிமீட்டரில் அளந்து, மீதம் இருந்தால் ஒரு குண்டு பல்பின் வழியாக இறக்கி, மீண்டும் அளந்து பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிட்டதை உறுதிசெய்த பின்னரே கையை வைக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் இரு முனைகளையும் இணைத்துத் தீப்பொறி பறக்கவிடும் பழக்கம் கப்பாசிட்டரையும் கெடுக்கும், கையையும் கெடுக்கும்.

முதலில் தகட்டைப் படியுங்கள்

முகப்பில் பெரிதாக எழுதியிருக்கும் 200, 250, 300 என்பவை மாடல் பெயரின் பகுதிகள். அவை ஆம்பியராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே பலகையை வெவ்வேறு நிறப் பெட்டிகளில் பொருத்தி வெவ்வேறு எண்களை ஒட்டி விற்பதும் நடக்கிறது. உண்மையான விவரம், இருந்தால், பின்புறத்திலோ அடியிலோ உள்ள தகட்டில்தான் இருக்கும். வெல்டிங் மெஷின்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 60974-1 ஐப் பின்பற்றும் தகட்டில் ‘எக்ஸ்’ என்ற வரிசையில் டியூட்டி சைக்கிளும், ‘ஐ2’ வரிசையில் வெளியீட்டு ஆம்பியரும், ‘யு2’ வரிசையில் அந்த ஆம்பியரில் ஆர்க்கின் (ராடு முனைக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறியின்) மீது இருக்க வேண்டிய வோல்ட்டும் தரப்பட்டிருக்கும். ‘யு0’ என்பது ராடு எதையும் தொடாத நிலையில் வெளிவரும் வோல்ட். ‘ஐ1’ என்பது சுவரிலிருந்து இழுக்கும் மின்னோட்டம். அதில் உச்ச அளவு ஒன்றும், டியூட்டி சைக்கிளைக் கணக்கில் கொண்ட செயலளவு ஒன்றும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே முதல் சோதனை. ராடு வெல்டிங்குக்குத் தரநிலை வைத்திருக்கும் சூத்திரம் எளிது: ஆம்பியரை 0.04 ஆல் பெருக்கி, அதனுடன் 20 ஐக் கூட்டினால் யு2 கிடைக்கும். 200 ஆம்பியருக்கு அது 28 வோல்ட்; அப்படியானால் ஆர்க்கில் செலவாகும் திறன் 5,600 வாட். மெஷினின் செயல்திறனை 82 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால் உள்ளே செல்ல வேண்டியது ஏறத்தாழ 6,800 வாட். விலை குறைந்த மெஷின்களில் பவர் ஃபாக்டரை, அதாவது இழுக்கும் மின்னோட்டத்தில் எவ்வளவு பங்கு பயனுள்ள திறனாகிறது என்பதை, திருத்தும் சுற்று பொதுவாக இருப்பதில்லை என்பதால், பவர் ஃபாக்டர் 0.7 அளவிலேயே நிற்கும். ஆக, சுவரிலிருந்து 42 ஆம்பியர் இழுக்கப்பட வேண்டும். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் வயரும் 16 ஆம்பியர் பிளக்கும் பொருத்தி வந்திருக்கும் மெஷினின் முகப்பில் 250 என்று எழுதியிருந்தால், அதே கணக்குப்படி அது 57 ஆம்பியர் இழுக்க வேண்டும். அந்த வயரைப் பொருத்தியவருக்கே முகப்பு எண்ணில் நம்பிக்கை இருந்திருக்காது.

டியூட்டி சைக்கிள் என்பது பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஆர்க்கை எரிக்கலாம் என்பதைக் குறிக்கிறது. தரநிலைப்படி இதைச் சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி இருக்கும்போது சோதிக்க வேண்டும். சில தகடுகளில் 20 அல்லது 25 டிகிரி என்று சிறிய எழுத்தில் இருக்கும், அங்கே எண் தானாகவே அழகாகிவிடும். வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், தகட்டு ஆம்பியரை டியூட்டி சைக்கிளின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் இடைவிடாமல் எடுக்கக்கூடிய ஆம்பியர் தோராயமாகக் கிடைக்கும். 200 ஆம்பியர், 20 விழுக்காடு என்றால் இடைவிடாத அளவு 89 ஆம்பியர். 60 விழுக்காட்டில் 115 ஆம்பியர். இரண்டரை மில்லிமீட்டர் ராடு 60 முதல் 90 ஆம்பியரிலும், 3.15 மில்லிமீட்டர் ராடு 90 முதல் 130 ஆம்பியரிலும் எரிவதால், இப்படிப்பட்ட மெஷின் முதலாவதை நாள் முழுவதும் தாங்கும், இரண்டாவதை ஓய்வு கொடுத்துக் கொடுத்துத் தாங்கும், 4 மில்லிமீட்டர் ராடைச் சில ராடுகளோடு முடித்துக்கொள்ளும். எண்ணைப் பெரிதாகப் போட்டு வரும் மெஷினைவிட, 140 என்று எழுதி அந்த 140 ஐ 60 விழுக்காட்டில் தரும் மெஷினையே நான் தேர்ந்தெடுப்பேன்.

திரையில் 200 காட்டுகிறது, ஆனால் ராடு சரியாக உருகவில்லை

முகப்புத் திரையில் தெரியும் எண் பல மெஷின்களில் அளந்து பெற்றது கிடையாது. குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதையே அது ஆம்பியர் போலக் காட்டுகிறது. வெல்டிங் செய்யும்போது அந்த எண் கொஞ்சமும் அசையாமல் நின்றால் இந்த வகைதான் என்று கொள்ளலாம்.

உண்மையை அறிய நேர்மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். சாதாரணக் கிளாம்ப் மீட்டர் மாறுமின்சாரத்தை மட்டுமே அளக்கும் என்பதால் வெளியீட்டுக் கேபிளில் அது பயன்படாது. எர்த் கேபிளைச் சுற்றி மீட்டரை மாட்டி, மல்டிமீட்டரின் முனைகளை மெஷினின் பிளஸ், மைனஸ் சாக்கெட்டுகளில் வைத்து, ஒருவர் இயல்பான நீளத்தில் ஆர்க்கைப் பிடித்து ஓட்ட, இன்னொருவர் இரண்டு எண்களையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது முக்கியம். ராடை இரும்பில் ஒட்டவைத்தபடி மீட்டரைக் காட்டி, “பாருங்கள், 200 ஆம்பியர்” என்பது விற்பனையில் வழக்கமான வித்தை. அப்போது வெளியீட்டில் 5 வோல்ட் இருந்தால் மொத்தத் திறன் 1,000 வாட்தான், அதை எந்தச் சிறிய மெஷினும் தந்துவிடும். 200 ஆம்பியரை 28 வோல்ட்டுக்கு அருகில் பிடித்து நிறுத்துவதே மெஷினின் தகுதிக்குச் சான்று.

நேர்மின்சார மீட்டர் கைவசம் இல்லாதவர்கள் சுவர்ப் பக்கத்திலிருந்து கணக்கிடலாம். ட்ரூ ஆர்எம்எஸ் வகை மீட்டரை உள்வரும் ஃபேஸ் வயரில் மட்டும் மாட்டி, குமிழை முழுவதும் திருப்பி, ஆர்க் எரியும்போது அளக்கவும். இந்த மெஷின்கள் மின்னோட்டத்தைக் கூர்மையான துண்டுகளாக இழுப்பதால் மலிவான மீட்டர் குறைத்துக் காட்டும். 22 ஆம்பியர் காட்டியதென்றால், 230, 0.7, 0.82 ஆகியவற்றால் பெருக்கிக் கிடைப்பது 2,900 வாட். அது ஏறத்தாழ 117 ஆம்பியர் வெளியீட்டுக்குச் சமம். முகப்பில் என்ன எழுதியிருந்தாலும் இனி அந்த மெஷினை 120 ஆம்பியர் மெஷினாக நடத்த வேண்டும்.

அளந்த எண் தகட்டு எண்ணுக்கு அருகில் இருந்தும் ராடு உருகவில்லை என்றால், மெஷினை விட்டுவிட்டு அது இணைக்கப்பட்டிருக்கும் நீட்டிப்பு வயரைப் பாருங்கள். 30 மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில் 25 ஆம்பியர் ஓடும்போது 11 வோல்ட் வீணாகும், 1.5 சதுர மில்லிமீட்டரில் 18 வோல்ட். முக்கால் சதுர மில்லிமீட்டர் வயரில் 40 வோல்ட்டுக்கு அருகில் போய்விடும். சுருளாகச் சுற்றியபடியே பயன்படுத்தினால் வயர் உருகவும் கூடும். சோதனைக்கு நீட்டிப்பைக் கழற்றிவிட்டு மெஷினை நேரடியாகச் சுவரில் மாட்டி ஒரு ராடு எரித்தாலே விடை தெரிந்துவிடும்.

ராடு ஒட்டிக்கொள்கிறது, அல்லது ஆர்க் பாதியில் அணைகிறது

6013 வகை ராடு (இந்த எண்கள் ராடின் பூச்சு வகையைக் குறிப்பவை) நன்றாக எரிந்து, 7018 ராடு மட்டும் தொட்டவுடன் ஒட்டிக்கொள்வதும் ஆர்க் சட்டென்று அணைவதும் மெஷினின் திறந்த சுற்று வோல்ட் குறைவாக இருப்பதன் அடையாளம். 6013 ஐம்பது வோல்ட்டை ஒட்டியே பற்றிக்கொள்ளும். 7018 நிதானமாக எரிய 70 வோல்ட் அளவில் வேண்டும். விலையைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகளைக் குறைத்து, குறைந்த வோல்ட்டில் அதிக ஆம்பியர் கிடைப்பதாகக் காட்டுவது தயாரிப்பாளருக்கு எளிய வழி. மெஷினை இயக்கி, எதையும் தொடாமல், இரு சாக்கெட்டுகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். 35 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் உடனே பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். விஆர்டி என்ற பாதுகாப்பு வசதி இயங்கிக்கொண்டிருக்கலாம், அது ராடு தொட்ட பிறகே முழு வோல்ட்டை விடும். விஆர்டி இல்லாத மெஷினில் 55 வோல்ட் என்று வந்தால் அது வடிவமைப்பின் எல்லை; எந்தப் பழுதுபார்ப்பும் அதை மாற்றாது. ராடை மாற்றுவதே வழி.

எல்லா ராடும் ஒட்டினால் காரணங்கள் சாதாரணமானவை: ராடு ஈரம் வாங்கியிருக்கலாம், ஆம்பியர் போதாமல் இருக்கலாம், எர்த் கிளாம்ப் பெயின்ட்டின் மீதோ துருவின் மீதோ கடித்திருக்கலாம். முனைகளை மாற்றி மாட்டியிருந்தாலும் ஆர்க் தடுமாறும். பெரும்பாலான 7018 ராடுகள் ஹோல்டர் பிளஸ்ஸில் இருப்பதை விரும்புபவை, ராடு டப்பாவில் இது குறிக்கப்பட்டிருக்கும்.

மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிடுகிறது

எப்போது எரிகிறது என்பதுதான் கேள்வி. சில நிமிடம் வேலை செய்த பிறகு எரிந்து, ஃபேனை ஓடவிட்டுக் காத்திருந்தால் அணைகிறது என்றால் வெப்பப் பாதுகாப்பு தன் கடமையைச் செய்கிறது. ஸ்விட்சை அணைத்துவிடாமல் ஃபேன் ஓடும்படி விட வேண்டும். அணைத்தால் உள்ளே தேங்கிய சூடு ஐஜிபிடிகளிலேயே (மின்சாரத்தை வேகமாக வெட்டி இணைக்கும் மின்னணு ஸ்விட்சுகளிலேயே) தங்கிவிடும். எந்த ஆம்பியரில் எத்தனை நிமிடத்தில் நின்றது என்று குறித்துத் தகட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள். இயல்பான வேலையில் ஒரு ராடு சுமார் ஒரு நிமிடம் எரியும். அதன் பின் கசடு தட்டவும் அடுத்த ராடு மாட்டவும் நேரம் போகும். அப்படியிருந்தும் 3.15 ராடில் சில ராடுகளுக்குள் மெஷின் நின்றால், தகட்டு எண் பொய் அல்லது காற்றோட்டம் கெட்டிருக்கிறது.

காற்றோட்டத்தைச் சரிபார்ப்பது எளிது. கிரைண்டர் தூள் ஹீட் சிங்க்கின் (பாகங்களின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டின்) இடுக்குகளில் படிந்து அடைத்திருக்கும். ஈரமில்லாத காற்றை மிதமான அழுத்தத்தில் ஊதி எடுக்கவும், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவும், இல்லாவிட்டால் அது தன் எல்லையை மீறிச் சுழன்று பேரிங் கெடும். மூடி திறந்திருக்கும்போதே ஐஜிபிடிகளும் டயோடுகளும் ஹீட் சிங்க்கோடு இறுக்கமாக அழுந்தியிருக்கின்றனவா என்று பார்க்கலாம். விலை குறைந்த மெஷின்களில் வேலை எங்கே சிக்கனமாக்கப்பட்டது என்பது இங்கேதான் பட்டவர்த்தனமாகத் தெரியும்: ஒரு பக்கம் மட்டும் இறுகிய கிளிப், அடியில் வெப்பப் பசையே இல்லாத டயோடு, எங்கும் படாமல் வயரில் தொங்கும் வெப்பமானி. கடைசியாகச் சொன்னது ஆபத்தானது. மெஷின் ஒருபோதும் நிற்காது, ஒரு நாள் எரிந்துபோகும்.

இயக்கியவுடனேயே, ராடைத் தொடாமலேயே, விளக்கு எரிந்தால் வெப்பம் காரணமில்லை. கேபிள்களைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கிப் பாருங்கள். அப்போதும் எரிந்தால், பிளக்கைக் கழற்றி, கப்பாசிட்டர் இறங்கியதை உறுதிசெய்து, மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை மைனஸ் சாக்கெட்டிலும் கறுப்பு முனையைப் பிளஸ் சாக்கெட்டிலும் வையுங்கள். 0.2 முதல் 0.4 வோல்ட் வரை காட்டினால் வெளியீட்டு டயோடுகளில் ஷார்ட் இல்லை. இரண்டு திசையிலும் பூஜ்யம் காட்டினால் ஒரு டயோடாவது ஷார்ட் ஆகியிருக்கிறது. உள்வரும் வோல்ட் மிகக் குறைந்தாலும் சில மெஷின்கள் இதே விளக்கைத்தான் எரியவிடும்.

எம்சிபி விழுகிறது

எம்சிபி, அதாவது மிகை மின்னோட்டத்தில் தானாக அணையும் பாதுகாப்பு ஸ்விட்ச், மெஷினின் ஸ்விட்சைப் போட்ட கணமே விழுவதும், வெல்டிங்கின் நடுவில் விழுவதும் வேறு வேறு பழுதுகள். முதலாவதில், காலியாக இருக்கும் கப்பாசிட்டர்கள் திடீரென்று நிரம்பாமல் தடுக்க ஒரு மின்தடையும் ஒரு ரிலேயும் உள்ளே உண்டு. இயக்கிய சிறிது நேரத்தில் ‘டக்’ என்று கேட்கும் ஒலி அந்த ரிலேயுடையது. ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் தடை இல்லாமல் மின்சாரம் பாய்ந்து எம்சிபி விழும். ரெக்டிஃபையரோ ஐஜிபிடியோ ஷார்ட் ஆகியிருந்தாலும் இதே விளைவுதான். ‘டக்’ ஒலி கேட்கவே இல்லை என்றால் எதிர் நிலை: மெஷின் இயங்கும், ஆனால் ஆர்க் எடுத்தவுடன் வலுவிழக்கும், மின்தடை கருகும்.

நடுவில் விழுந்தால் எம்சிபியின் வகையைப் பாருங்கள். பி வகை தன் மதிப்பின் 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனடியாக விழும். வெல்டிங் மெஷினுக்குச் சி வகை பொருந்தும். வகை சரியாக இருந்தும் சில நிமிடங்களில் விழுந்தால் மிகைச் சுமை என்று பொருள். பெரிய எம்சிபியை மாட்டுவதற்கு முன் சுவருக்குள் போகும் வயர் அதைத் தாங்குமா என்று பார்க்காவிட்டால், எம்சிபி காக்க வேண்டிய வயரே ஃபியூஸாகிவிடும்.

மின்கசிவை உணர்ந்து அணையும் ஸ்விட்சான ஆர்சிசிபி மட்டும் விழுந்தால் மின்கசிவைத் தேடுங்கள். உள்ளே படிந்த இரும்புத் தூளும் ஈரமும் சேர்ந்ததே அடிக்கடி காரணமாகும். இந்த மெஷின்களில் பெரும்பாலானவை, பெட்டி எதைத் தடுக்கும் என்பதைக் குறிக்கும் ஐபி எண்ணில், 21எஸ் தரத்தவை. மேலிருந்து செங்குத்தாகச் சொட்டும் நீரைத்தான் அது தடுக்கும், தூளையும் மழையையும் தடுக்காது.

கேபிள் அல்லது சாக்கெட் சூடாகிறது

கூடவே வரும் கேபிள் பருமனாக இருந்தும் கையில் எடுத்தால் லேசாக இருந்தால் சந்தேகப்படலாம். முனையைச் சிறிது வெட்டி ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். சிவப்புக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம். 10 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள், போகவர 5 மீட்டர் என்றால், 150 ஆம்பியரில் ஏறத்தாழ 350 வாட்டைச் சூடாக வீணாக்கும். 16 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிளில் அது 140 வாட்டுக்குள் அடங்கும். மெஷினை மாற்றுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்ப்பது நல்லது.

கேபிள் குளிர்ச்சியாக இருந்து சாக்கெட் மட்டும் சுட்டால், பேனலுக்குப் பின்னால் அதைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்திருக்கிறது. முன்பக்கம் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. மூடியைக் கழற்றி, கருகிய பரப்பைத் தேய்த்து, ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்க வேண்டும். சிறிய பின் கொண்ட பிளக்கைப் பெரிய சாக்கெட்டில் மாட்டியிருந்தாலும் இதே சூடு வரும்.

பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது

வேலையை உடனே நிறுத்த வேண்டிய அறிகுறி இது ஒன்றே. பிளக்கின் எர்த் முனைக்கும் பெட்டியின் வெற்று உலோகத்துக்கும் இடையே மின்தடையை அளந்தால், 5 மீட்டர் வரையிலான வயருக்கு 0.3 ஓமுக்கு மேல் போகக்கூடாது. மேலே போனால், எர்த் வயரின் திருகு பெயின்ட்டின் மேலேயே முறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். பிளக்கில் எர்த் முனை போலியாக இருந்து உள்ளே வயரே இணைக்கப்படாமல் வந்த மெஷின்களும் உண்டு. இந்த இணைப்பு சரியாக இருந்தும் ஷாக் தொடர்ந்தால், கட்டடத்தின் எர்த்தையும் மெஷினின் இன்சுலேஷனையும் மின்பணியாளர் சோதிக்க வேண்டும்.

ஃபேன் ஓடுகிறது, ஆர்க் மட்டும் இல்லை. அல்லது எதுவுமே இல்லை

ஃபேன் ஓடினால் உள்வரும் பகுதியும் துணை மின்சுற்றும் உயிரோடு இருக்கின்றன. ஹோல்டரின் தாடைக்கும் எர்த் கிளாம்புக்கும் இடையே வோல்ட் பாருங்கள். அங்கே இல்லாமல் சாக்கெட்டுகளில் இருந்தால் கேபிள் அறுந்திருக்கிறது, பெரும்பாலும் ஹோல்டரின் கைப்பிடிக்குள். சாக்கெட்டிலும் இல்லை என்றால், பலகைகளை இணைக்கும் கனெக்டர்களைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். தூக்கிப் போட்டு வந்த மெஷின்களில் அவை தளர்ந்திருப்பது சகஜம். ஜெனரேட்டரில் மட்டும் ஆர்க் வராவிட்டால் ஜெனரேட்டரின் கேவிஏ போதவில்லை. மேலே போட்ட கணக்கின்படி 100 ஆம்பியர் ஆர்க்குக்கே 4.2 கேவிஏ வரை தேவை.

எதுவுமே இயங்கவில்லை, அதற்கு முன் ஒரு வெடிச் சத்தம் கேட்டது என்றால், 400 வோல்ட் இணைப்பில் தவறுதலாக மாட்டப்பட்டதா என்று விசாரியுங்கள். அப்போது உள்ளே 565 வோல்ட் ஏறும். கப்பாசிட்டர்கள் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட்டுக்கானவை. இந்த நிலையில் ஒரு பாகத்தை மாற்றுவது பயனற்றது. ரெக்டிஃபையர், கப்பாசிட்டர்கள், ஐஜிபிடிகள், அவற்றின் கேட் பக்கத்து மின்தடைகளும் டயோடுகளும் ஆகிய எல்லாவற்றையும் ஒருசேரச் சோதிக்க வேண்டும். ஒரு ஐஜிபிடி போனால் அதன் இணைகளையும் சேர்த்து மாற்றுவதே முறை, ஏனெனில் தப்பிப் பிழைத்தது அடிபட்டே இருக்கும். மாற்றிய பிறகு முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஃபேஸ் வயரில் தொடராக இணைத்துவிடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் பல்பைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கலாம். பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது, புதிதாகப் போட்ட ஐஜிபிடிகள் அதற்கு இரையாகாமல் தப்பியிருக்கின்றன.